கோட்டுக்கு வெளியே: பி.கே. பானர்ஜியின் காலும் குரலும்

1

விளையாட்டு வீரர் ஒருவரின் வாழ்க்கையை எழுத நம்மிடம் ஒரே ஒரு கதையாடல்தான் இருக்கிறது. எளிய குடும்பத்தில் பிறந்தார், தெருவில் ஆடினார், யாரோ ஒரு பெரியவர் கண்டெடுத்தார், நாட்டுக்காக ஆடினார், விருது வாங்கினார், ஓய்வு பெற்றார். அதற்கடுத்த செய்தி மரணச் செய்திதான். நடுவில் கிடக்கிற காலத்தை இந்தக் கதையாடல் கண்டுகொள்வதில்லை. கால்பந்து ஆடுகிறவனின் உடல் முப்பது வயதை ஒட்டித் தேய ஆரம்பித்துவிடுகிறது. மனுஷன் எண்பது வயது வரை இருக்கிறான். மிச்சமிருக்கிற ஐம்பது வருஷம் அந்த ஆள் என்ன செய்தான், பேசினானா, யார் பேசவிட்டார்கள் என்று கேட்க ஆரம்பித்தால் விஷயம் விளையாட்டோடு நின்றுவிடாது. அதிகாரத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும்.

பி.கே. என்று இந்தியக் கால்பந்து உலகம் அழைத்த பிரதீப் குமார் பானர்ஜியை முன்வைத்து இந்தக் கேள்வியைக் கொஞ்சம் விளக்கிப் பார்க்கலாம். 1936 ஜூன் 23-ல் வங்காளத்தின் ஜல்பைகுரிப் பகுதியில் பிறந்தவர். 1955-லிருந்து 1967 வரை இந்தியாவின் வலப்பக்க விங்கர். பிறகு பயிற்சியாளர். அதற்கும் பிறகு பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் ஆட்டத்தைப் பற்றிப் பேசிய நிபுணர். 2020 மார்ச் 20-ல் கொல்கத்தாவில் இறந்தார். ஆடியது சுமார் 12 வருஷம். ஆடாமல் இருந்தது 53 வருஷம். இந்த 53 வருஷத்தை அவர் குரலால் நிரப்பினார். எப்படி நிரப்ப முடிந்தது என்பதே இங்கு என் கேள்வி.

2

தென்காசியில் உட்கார்ந்துகொண்டு கொல்கத்தாக் கால்பந்தைப் பற்றி எழுத என்ன நியாயம் என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயம் உண்டு. இந்த ஊர் ஒரு கோட்டின் பக்கத்தில் இருக்கிறது. செங்கோட்டை தாலுகா திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ல். அதற்கு ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 1-ல், மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியக் கால்பந்து அணி ஆஸ்திரேலியாவை 4-2 என்று ஜெயித்தது. நெவில் டிசோசா மூன்று கோல் போட்டார். இருபது வயது பி.கே. அந்த அணியில் வலது ஓரம் ஓடிக்கொண்டிருந்தார். இந்தியா நான்காம் இடத்தில் முடித்தது. இந்தியக் கால்பந்து ஒலிம்பிக்கில் தொட்ட உச்சம் அதுதான்.

இரண்டுக்கும் சம்பந்தம் உண்டென்று சொல்லவரவில்லை. ஆனால் கோடு என்பது என்ன செய்யும் என்று இங்கே இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. உலகக் கோப்பை வருஷங்களில் புளியரைச் சோதனைச்சாவடியைத் தாண்டி ஆரியங்காவுப் பக்கம் போனால் ஒரு கவலையில்லாமல் அர்ஜென்டினாக் கொடியும் பிரேசில் கொடியும் பறக்கும். இந்தப் பக்கம் திரும்பினால் கட்சிக் கொடியும் சினிமா பேனரும். மலை ஒன்று, சாரல் ஒன்று, பலாப்பழம் ஒன்று. ஆட்டம் மட்டும் கோட்டுக்கு அந்தப்பக்கம் நின்றுவிடுகிறது. ஜூன், ஜூலையில் குற்றாலத்துக்கு சீசன் குளிக்க வருகிற மலையாளிகள் பேருந்து நிறுத்தத்திலேயே உலகக் கோப்பையைப் பேச, நம்மாட்கள் "என்னடே, ஒரு கோலுக்கு இந்தப் பாடு படுதானுவ" என்று வேடிக்கை பார்ப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு விளையாட்டு ஓரிடத்தில் வாழ ஆடுகிறவர்கள் மட்டும் போதாது. அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் வேண்டும். பேச்சு இல்லாத ஊரில் பந்து வெறும் தோல்தான்.

3

முதலில் விங்கர் என்றால் யார்? மைதானத்தின் நீளவாக்கில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோடு இருக்கிறது. அதை ஒட்டியே ஓடி, எதிர் அணியின் தடுப்பாட்டக்காரனைத் தாண்டி, பந்தை நடுவுக்குத் தூக்கிக்கொடுப்பவர் விங்கர். கோல் போடுகிற பெருமை பெரும்பாலும் நடுவில் நிற்பவனுக்குப் போகும். பழைய ஆட்டக்காரர்கள் இந்த இடத்தை விங்கர் என்று சொல்வதில்லை. 'ரைட் அவுட்', 'லெஃப்ட் அவுட்' என்பார்கள். உள்ளே ஆடுகிறவனுக்கு 'வெளியே' என்று பெயர். இந்தப் பெயரை நாம் சாதாரணமாகக் கடந்துபோய்விடக் கூடாது. விளிம்பு, மையம் என்று நாம் கட்டுரைகளில் எழுதித் தேய்த்த சொற்களை இந்த ஆட்டம் எப்போதோ சுண்ணாம்புக் கோடு போட்டு வரைந்து வைத்திருக்கிறது.

விங்கருக்கு இரண்டு அனுபவங்கள் தனியாக வாய்க்கின்றன. ஒன்று, கூட்டத்தின் குரல் அவன் காதருகே இருக்கிறது. நடு ஆட்டக்காரனுக்குக் கூட்டம் ஓர் இரைச்சல். விங்கருக்கு அது தனித்தனி வசவு, தனித்தனி பாராட்டு. இரண்டு, பயிற்சியாளர் நிற்பதும் அதே கோட்டுக்கு மறுபக்கம்தான். கோட்டின் உள்பக்கம் ஓடுகிறவன் விங்கர். வெளிப்பக்கம் நின்று கத்துகிறவர் பயிற்சியாளர். இன்னும் தள்ளி மைக் முன்னால் உட்கார்ந்திருப்பவர் விமர்சகர். ஆகவே விங்கர் பயிற்சியாளராகி, பயிற்சியாளர் விமர்சகராகிற வாழ்க்கை என்பது ஒரே திசையில் வெளிநோக்கிய நகர்வு. ஒவ்வொரு அடியிலும் பந்து தூரமாகிறது. ஒவ்வொரு அடியிலும் குரல் கூடுகிறது. உடல் விலக விலகத்தான் வாய்க்கு இடம் கிடைக்கிறது.

இது வங்காளத்துக்கு மட்டும் உரியதல்ல. வேல்ஸ் நாட்டின் லைட்டன் ஜேம்ஸ் (1953–2024) இதே தடத்தில் போனவர். இடது விங்கர், பர்ன்லி கிளப்பில் பேர் வாங்கினார், 54 ஆட்டங்கள் நாட்டுக்காக ஆடினார். 1977-ல் வெம்பிளியில் இங்கிலாந்தை வேல்ஸ் 1-0 என்று தோற்கடித்தபோது அந்த ஒரே கோலைப் பெனால்டியில் அடித்தவர் அவர். பிறகு சிறிய கிளப்புகளுக்கு மேனேஜர். அதன் பிறகு வானொலி விமர்சகர். பெரிய நாட்டின் பக்கத்தில் விளிம்பாகக் கிடக்கிற ஒரு சின்ன நாட்டுக்கு அவருடைய கால் ஒருநாள் குரல் கொடுத்தது. பிற்காலத்தில் அவருடைய குரல் அந்தக் காலின் நினைவை வைத்துப் பிழைத்தது. தடம் பொதுவானது. தடத்தைக் கடப்பதற்கான நிபந்தனைகள் ஊருக்கு ஊர் மாறும்.

4

பி.கே.யின் தடத்தில் முதல் நிபந்தனை ரயில்வே. ஜம்ஷெட்பூரில் வளர்ந்து, பதின்வயதிலேயே பீகாருக்காக சந்தோஷ் டிராபி ஆடியவர் 1954-ல் கொல்கத்தாவுக்கு வந்தார். ஓராண்டு ஆர்யன் கிளப். 1955-லிருந்து ஓய்வு வரை ஈஸ்டர்ன் ரயில்வே. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் என்ற மூன்று பெரிய கிளப்புகளில் எதிலும் அவர் ஆடவில்லை. கொல்கத்தாவில் இது சாதாரண விஷயமல்ல. அங்கே கிளப் என்பது பிறந்த ஊர், சாப்பிடுகிற மீன் வரைக்கும் போகிற அடையாளம். கிழக்கிலிருந்து வந்தவனா, மேற்கில் இருந்தவனா என்பதைக் கிளப் சொல்லிவிடும். பி.கே. இந்த அடையாளங்களுக்கு வெளியே, சம்பளமும் பென்ஷனும் தருகிற ஓர் அரசு நிறுவனத்துக்குள் நின்றார். 1958-ல் ஈஸ்டர்ன் ரயில்வே கல்கத்தா லீகை ஜெயித்தது. மூன்று பெரியவர்களுக்கு வெளியே இன்னொரு அணி அந்த லீகை ஜெயிக்க 2019 வரை ஆயிற்று.

நம்மூர்க்காரர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது சுலபம். சென்னையில் ஐ.சி.எஃப்., சதர்ன் ரயில்வே, வங்கி அணிகள் என்று ஆட்டக்காரர்கள் பிழைத்தது இப்படித்தான். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை. காலையில் கையெழுத்து, சாயங்காலம் மைதானம். இதை வெறும் பிழைப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. எந்தக் கிளப்புக்கும் சொந்தமில்லாதவர் என்பதால்தான் பின்னாளில் பி.கே. ஜென்மப் பகைவர்களான ஈஸ்ட் பெங்காலுக்கும் மோகன் பகானுக்கும் மாறி மாறிப் பயிற்சியாளராக இருக்க முடிந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. வெளியே நின்றவனுக்கு இரண்டு வாசலும் திறந்தது.

ஆட்டக்காரராக அவருடைய கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அணித்தலைவர். பிரான்சுக்கு எதிரான 1-1 ஆட்டத்தில் இந்தியாவின் கோல் அவருடையது. 1962 செப்டம்பர் 4-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இறுதியாட்டம். தென்கொரியாவை இந்தியா 2-1 என்று வென்றது. முதல் கோல் பி.கே., இரண்டாவது ஜர்னைல் சிங். இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேசியா அனுமதி மறுத்ததை ஓர் இந்திய அதிகாரி கண்டித்திருந்ததால், மைதானமே இந்திய அணிக்கு எதிராகக் கத்திக்கொண்டிருந்தது. ஒரு லட்சம் பேரின் கூச்சலைக் கோட்டோரம் ஓடிக்கொண்டே வாங்கியவர்தான், பிறகு பதினொரு பேர் காதுக்குள் தன் குரலை இறக்கப் போகிறார்.

5

அந்த ஜகார்த்தா அணியின் பயிற்சியாளர் ஹைதராபாத்தின் சையத் அப்துல் ரஹீம். அடிப்படையில் பள்ளி ஆசிரியர். புற்றுநோயால் 1963-ல் இறந்துபோனார். பயிற்சியாளர் என்றால் உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பவர் என்றிருந்த காலத்தில், மனத்தோடு பேசுவதும் அந்த வேலைதான் என்று காட்டியவர் அவர். பி.கே. அந்தப் பேச்சின் வாரிசு. 1969-ல் ஜப்பானில் ஜெர்மானியரான டெட்மார் கிராமர் நடத்திய பயிற்சியாளர் வகுப்பில் படித்துவிட்டு வந்தார். 1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் இந்தியா வெண்கலம் வாங்கியபோது பயிற்சிப் பொறுப்பில் இருந்தார். 1972-ல் ஈஸ்ட் பெங்காலுக்கு வந்தார். 1975 செப்டம்பர் 30-ல் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியாட்டத்தில் அவருடைய ஈஸ்ட் பெங்கால் மோகன் பகானை 5-0 என்று நசுக்கியது. அடுத்த வருஷமே மோகன் பகான் அவரைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டது. 1977-ல் பெலே காஸ்மாஸ் அணியோடு கொல்கத்தா வந்து மோகன் பகானோடு 2-2 என்று சமன் செய்தபோது, அந்த மோகன் பகானின் பயிற்சியாளர் பி.கே.தான்.

இந்த வெற்றிகளுக்குக் கொல்கத்தா ஒரு பெயர் வைத்தது: 'வோக்கல் டானிக்'. ஆட்டத்துக்கு முன்னாலும் இடைவேளையிலும் உடை மாற்றும் அறையில் அவர் பேசுகிற பேச்சு. ஆட்டக்காரனின் அம்மாவை நினைவுபடுத்துவார், ஊரைச் சொல்வார், பட்ட அவமானத்தைக் கிளறுவார், கண்ணீர் வரவைப்பார். குடிக்காமலேயே உடம்பில் ஏறுகிற மருந்து.

டானிக் என்ற சொல்லை நிறுத்திப் பார்ப்போம். டானிக் நோஞ்சானுக்குத்தான் கொடுப்பார்கள். டானிக் கொடுக்கிறவர் முதலில் எதிரே இருப்பவனை நோயாளி ஆக்குகிறார். பிறகு குணப்படுத்துகிறார். அல்தூசர் சொன்ன விளிப்பு என்கிற காரியம் இதற்கு நெருக்கமானது. தெருவில் போலீஸ்காரன் 'ஏய், நீதான்' என்று கூப்பிடுகிறான். திரும்பிப் பார்க்கிற அந்தக் கணத்தில் நடந்துபோனவன் 'நான்' ஆகிவிடுகிறான், கூடவே அடங்கியவனும் ஆகிவிடுகிறான். பயிற்சியாளர் 'நீ யாருன்னு தெரியுமாடா உனக்கு' என்று கேட்கிறபோதும் இதுவே நடக்கிறது. பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் அந்த அறையில் ஈஸ்ட் பெங்காலாகவோ இந்தியாவாகவோ ஆகிறான். எந்தப் பையனாகவும் இல்லாமல் அவன் வெறுமனே பந்தை உதைக்கிற சுகம் அந்த அறைக்கு வெளியே நின்றுவிடுகிறது. அன்பான குரலும் ஆளுகிற குரல்தான். அன்பாக இருப்பதால் ஆள்வது கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 1997 ஜூலை 13, சால்ட் லேக் மைதானம், ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி. 1,31,000 பேர் வந்ததாகக் கணக்கு. மோகன் பகான் பயிற்சியாளர் அமல் தத்தா (1930–2016). அவருடைய ஆயுதம் 'டைமண்ட்' முறை. நடுக்களத்தில் நான்கு பேரை வைரக்கல்லின் நான்கு முனைகளில் நிறுத்தி, அணியையே ஓர் இயந்திரம் மாதிரி முன்னே தள்ளுகிற ஏற்பாடு. அதில் ஆட்டக்காரன் தனி ஆள் அல்ல, அமைப்பில் ஒரு புள்ளி. மற்ற புள்ளிகளோடு அவனுக்குள்ள தூரமே அவனுடைய பொருள். அமைப்பியலைப் பாடமாக நடத்த இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. எதிர்ப்பக்கம் பி.கே.; அவரிடம் இருந்தது குரல்.

ஆட்டத்துக்கு முன்னால் அமல் தத்தா பத்திரிகைகளில் ஈஸ்ட் பெங்கால் ஆட்டக்காரர்களைக் கேலி செய்தார். சிக்கிமிலிருந்து வந்த பைசுங் பூட்டியாவைச் 'சுங்சுங்' என்றார். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒமோலோவை 'ஆம்லெட்' என்றார். பி.கே. அந்தக் கேலியையே எடுத்துத் தன் டானிக்கில் கலந்தார். ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று ஜெயித்தது. பூட்டியா மூன்று கோல்.

இதைக் குரல் அமைப்பை வென்ற கதையாகக் கொல்கத்தா இன்றைக்கும் சொல்கிறது. பேச்சில்தான் உயிர் இருக்கிறது, எழுத்தும் வரைபடமும் செத்தவை என்கிற நம்பிக்கை எவ்வளவு பழையது என்று தெரிதா காட்டியிருக்கிறார். அந்த நம்பிக்கைதான் இங்கேயும் வேலை செய்கிறது. டைமண்ட் தோற்றதற்கு ஒரு பதினொரு பேரின் காலும் ஓட்டமும் அன்றைய நாளும் காரணமாக இருக்கலாம். குரல் ஜெயித்தது என்று சொல்வதில்தான் கதைக்குச் சுவை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கேலிக்கு ஆளானவர்கள் வங்காளத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்கள். கேலி செய்ததும் அந்தக் கேலியை மருந்தாக்கியதும் இரண்டு வங்காளப் பெரியவர்கள். சிக்கிம்காரனின் முகத்தை வைத்து இரண்டு பேர் பேசினார்கள். அவன் மூன்று கோல் போட்டான். பேச்சு யாருடையது, கால் யாருடையது என்ற பிரிவினை இவ்வளவு துல்லியமாக வேறெங்கும் வெளிப்பட்டதில்லை.

6

பயிற்சியாளரின் குரலுக்கும் விமர்சகரின் குரலுக்கும் வித்தியாசம் உண்டு. பயிற்சியாளர் சொன்னது தப்பென்றால் மாலை ஐந்தரைக்குத் தெரிந்துவிடும். ஸ்கோர் போர்டில் எழுதியிருக்கும். விமர்சகருக்கு அந்த ஆபத்து இல்லை. ஆட்டம் முடிந்த பிறகுதான் அவருக்கு ஆட்டம் ஆரம்பம். அவருடைய அதிகாரம் ஒரே ஒரு வாக்கியத்தில் இருக்கிறது: 'எங்க காலத்துல நாங்க ஆடுனப்ப...' பழைய உடல்தான் இன்றைய குரலுக்குக் கொடுக்கப்பட்ட லைசென்ஸ். பி.கே.யின் பத்திகளுக்கும் தொலைக்காட்சிப் பேச்சுக்கும் பின்னால் மெல்போர்னும் ரோமும் ஜகார்த்தாவும் நின்றுகொண்டே இருந்தன. 1990-ல் பத்மஸ்ரீ, 2004-ல் ஃபிஃபாவின் நூற்றாண்டு மதிப்புரு விருது என்று நிறுவனங்கள் அந்த லைசென்ஸைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தன. ஆனால் இந்தியக் கால்பந்துக்கு அதற்குப் பிறகு ஆசியத் தங்கம் எதுவும் வரவில்லை. இழப்பு பெரிதாகப் பெரிதாக 'எங்க காலத்துல' என்கிற வாக்கியத்துக்கு மதிப்பும் கூடுகிறது. பொற்காலம் என்பது விமர்சகரின் மூலதனம்.

ஆடாதவனுக்குப் பேசும் உரிமை உண்டா? இதற்குத் தென்காசி–குற்றாலம் வட்டாரத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954) சட்டம் படித்தவர். அறநிலையத் துறை ஆணையராக இருந்தவர். அவருடைய புகழ் கவிஞர் என்பதால் வந்ததல்ல. கவிதையை அனுபவித்துச் சொன்னவர் என்பதால் வந்தது. திருநெல்வேலியில் வட்டத்தொட்டியில் நண்பர்களை உட்காரவைத்து அவர் கம்பனைச் சொல்வார். பின்னாளில் குற்றாலம் அவருடைய பேச்சுக்கு இருப்பிடமாயிற்று. அவர் வாயிலிருந்து வந்த கம்பனைத்தான் ஒரு தலைமுறை கம்பன் என்று எடுத்துக்கொண்டது. எந்தப் பாட்டு கம்பனுடையது, எது இடைச்செருகல் என்று தன் செவியை நம்பித் தீர்மானித்தார், தள்ளினார், மாற்றினார். பண்டிதர்கள் கொதித்தார்கள். ரசனைக்குப் பிரதியையே திருத்துகிற அதிகாரம் வந்துவிட்டது.

விளையாட்டு விமர்சகரும் இதைத்தான் செய்கிறார். தொண்ணூறு நிமிஷத்தில் ஆயிரம் காரியம் நடக்கிறது. அதில் நாலைந்தைப் பொறுக்கி 'இதுதான் ஆட்டம்' என்கிறார். மற்றதெல்லாம் இடைச்செருகல். தமிழ் வானொலியில் கிரிக்கெட் வர்ணனையை நமக்குப் பழக்கிய சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் பெரிய ஆட்டக்காரராக இருந்து அந்த நாற்காலிக்கு வந்தவரல்ல. மொழியால் வந்தவர். இரண்டு வகையான குரல்கள் என்று இதைப் பிரித்துக்கொள்ளலாம். ஒன்று உடலைச் சாட்சியாகக் காட்டிப் பேசுவது. இன்னொன்று மொழியை நம்பிப் பேசுவது. முதல் வகை மட்டுமே செல்லுபடியாகும் என்று சொன்னால் நாமெல்லாம் இலக்கியத்தைப் பற்றியும் வாயைத் திறக்க முடியாது. கலாப்ரியா முன்நின்று நடத்திய குற்றாலம் 'பதிவுகள்' சந்திப்புகளில் கவிதை எழுதாதவர்களும்தான் கவிதையைப் பற்றி விடியவிடியப் பேசினார்கள்.

பி.கே.யின் விசேஷம், இரண்டு வகையும் அவரிடம் சேர்ந்திருந்தது. காலும் இருந்தது, மொழியும் இருந்தது. மொழி என்று இங்கே நான் சொல்வது வங்காளத்தை. கூட்டத்தின் மொழி, பத்திரிகையின் மொழி, உடை மாற்றும் அறையின் மொழி எல்லாமே அவருடைய தாய்மொழி. இது தற்செயல்தான். ஆனால் அது எவ்வளவு பெரிய முதலீடு என்பது அதே முன்வரிசையில் ஆடிய இன்னொருவரைப் பார்த்தால்தான் விளங்கும்.

7

இந்தியக் கால்பந்தின் அந்தக் காலத்தை மூன்று பெயர்களாகச் சொல்வது வழக்கம்: பி.கே., சுனி கோஸ்வாமி, பலராம். துளசிதாஸ் பலராம் 1936-ல் செகந்தராபாத் அருகே அம்முகுடாவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். ராணுவக் குடியிருப்புகளை ஒட்டிப் பிழைக்கப் போன தமிழ்க் குடும்பங்கள் அந்தப் பக்கம் நிறைய. ரஹீம்தான் அவரைக் கண்டெடுத்தார். பயிற்சிக்கு வந்துபோக சைக்கிள் வாடகைக்குக்கூட காசில்லாத பையனுக்கு ரஹீம் உதவினார் என்பது பலமுறை சொல்லப்பட்ட கதை. மெல்போர்ன், ரோம், ஜகார்த்தா மூன்றிலும் பலராம் இருந்தார். ரோமில் ஹங்கேரிக்கு எதிராகக் கோல் போட்டவர் அவர். 1961-ல் ஈஸ்ட் பெங்கால் லீகையும் ஷீல்டையும் ஜெயித்தபோது அதன் தலைவர். முன்வரிசையில் பல இடங்களில் ஆடக்கூடியவர், பெரும்பாலும் இடப்பக்கம்.

அந்த ஜகார்த்தா அணியில் தமிழ்ப் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ், மோகன் பகானுக்கு ஆடிய விங்கர் அருமைநாயகம். தமிழ்நாட்டில் இந்தப் பெயர்களைச் சொன்னால் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்?

1963-ல் நுரையீரல் நோய் பலராமின் ஆட்டத்தை முடித்துவைத்தது. வயது இருபத்தேழை ஒட்டி. பி.கே. இன்னும் நாலு வருஷம் ஆடினார். அதன் பிறகு இருவர் பாதையும் பிரிகிறது. பலராமும் பிறகு இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார். ஆனால் பெரிய கிளப்பின் பெரிய பயிற்சியாளர் என்கிற நாற்காலி அவருக்கு வரவில்லை. தான் தலைமை வகித்த ஈஸ்ட் பெங்காலோடு அவருக்குக் கசப்பு வளர்ந்தது. கொல்கத்தாவை ஒட்டி ஹூக்ளிக் கரையில் உள்ள உத்தரபாராவில் ஒதுங்கி வாழ்ந்தார். 1962-ல் அர்ஜுனா விருது கிடைத்தது. மூவரில் பத்ம விருது கிடைக்காதவர் அவர் ஒருவரே. 2023 பிப்ரவரி 16-ல் இறந்தார்.

ஆங்கிலத்தில் 'லெஃப்ட் அவுட்' என்றால் இடப்பக்க விங்கர் என்று மட்டும் பொருளல்ல. விடுபட்டவன் என்றும் பொருள். சிலேடை தானாக வந்து விழுகிறது, நான் இழுத்துக்கொண்டு வரவில்லை.

இதைப் பி.கே.யின் குற்றமாக யாரும் படித்துவிடக் கூடாது. பி.கே. உழைத்தார், படித்தார், பேசினார். பேச்சில் அவருக்கு மேதைமை இருந்தது. பிரச்சினை ஆள் அல்ல. காலிலிருந்து குரலுக்குப் போகிற பாலம் எல்லோருக்கும் ஒரே அகலத்தில் போடப்படவில்லை என்பதுதான் பிரச்சினை. நீண்ட ஆட்டக்காலம், நிலையான வேலை, கூட்டத்தின் மொழி, கூப்பிட்டுக் கேட்க ஒரு பத்திரிகை: இவை இருந்தால் பாலம் தாங்கும். பலராமுக்கு ஆட்டக்காலம் பாதியில் முறிந்தது. அவரைக் கொண்டாடியிருக்கக்கூடிய மொழி ஒன்று இருந்தது. அது ஆயிரம் மைலுக்கு இந்தப்பக்கம் வேறு விளையாட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. தமிழில் அவரிடம் யாரும் 'அண்ணே, ரோம்ல என்ன நடந்துச்சு, சொல்லுங்க' என்று போய் உட்காரவில்லை. உட்கார்ந்திருந்தால் நமக்கும் ஒரு 'எங்க காலத்துல' கிடைத்திருக்கும்.

2024 ஏப்ரலில் 'மைதான்' என்ற இந்திப் படம் வந்தது. ரஹீமையும் ஜகார்த்தாத் தங்கத்தையும் பற்றியது. பி.கே.யும் சுனி கோஸ்வாமியும் 2020-லேயே, ஒருவர் மார்ச்சிலும் ஒருவர் ஏப்ரலிலும், இறந்துபோயிருந்தார்கள். பலராமும் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. மூவரின் உடல்களும் இல்லாத பிறகு அவர்கள் கால்களுக்கு நடிகர்கள் கிடைத்தார்கள். விமர்சகரின் நாற்காலியைத் தாண்டியும் இன்னொரு வெளி இருக்கிறது போலும். அங்கே குரலும் சொந்தமில்லை.

8

சுருக்கிச் சொன்னால்: விங்கர், பயிற்சியாளர், விமர்சகர் என்கிற வாழ்க்கை இயல்பாக வளர்கிற மரமல்ல. ஒவ்வொரு கிளைக்கும் யாரோ தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். அனுபவம் தானாகப் பேசிவிடும் என்று நாம் நினைக்கிறோம். அனுபவத்துக்கு வாய் கிடையாது. அதற்கு வாய் வைப்பது ஒரு நிறுவனம், ஒரு மொழி, கேட்க உட்காருகிற நாலு பேர்.

இது தூரத்து விஷயமல்ல. கோவில்பட்டியில் ஹாக்கி, இந்தப் பக்கத்துக் கிராமங்களில் கபடி என்று நம் மாவட்டங்களில் ஆடித் தேய்ந்த முழங்கால்கள் ஏராளம். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை வாங்கி, நாற்பது வயதில் தொப்பை போட்டு, 'அந்தக் காலத்துல ஆடுவாரு' என்று மூன்றாம் மனிதர் சொல்கிற ஆளாக அவர்கள் ஆகிவிடுகிறார்கள். அவர்களைப் பற்றிப் பேசப்படுகிறது, அவர்கள் பேசுவதில்லை. அவர்களில் எத்தனை பி.கே., எத்தனை பலராம் என்று கண்டுபிடிக்க வழி ஒன்றுதான் உண்டு: போய்க் கேட்பது, கேட்டதை அவர்கள் சொன்ன மொழியிலேயே எழுதுவது.

விமர்சனம் என்று சிறுபத்திரிகைகளில் நாம் செய்துவருகிற வேலையும் கோட்டுக்கு வெளியே நின்று செய்கிற வேலைதான். அந்த இடம் காலியாக இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு நாம் பேச ஆரம்பித்துவிடுகிறோம். அங்கே ஏற்கெனவே ஓர் ஆட்டக்காரர் நின்றுகொண்டிருக்கலாம். மைக்கை யார் கையில் கொடுப்பது என்பது அதற்குப் பிறகுதான் தீர்மானிக்க வேண்டிய விஷயம்.